கையுறை கடைசியில்தான்

அவளுக்கு ஜிப்பக்கா என்று பெயர் வந்தது எப்படி என்று கேட்டால் தெருவில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். வாய் பிளந்த பை, பழுதான பேன்ட், ஓடாத ஜாக்கெட் என்று எதைக் கொண்டுபோனாலும் ரன்னரை மாற்றி, பல்லைச் சீர்செய்து, மெழுகு தேய்த்து ஓடவிட்டுக் கொடுத்துவிடுவாள், அதனால்தான் என்பது ஒன்று. வாய்க்கும் ஒரு ஜிப் போட்டு வைத்திருக்கிறாள், அதனால்தான் என்பது இன்னொன்று. எதிரே பாத்திரக்கடை வைத்திருப்பவர் இரண்டையும் சேர்த்துச் சொல்வார். "ஊர்ல இருக்கற ஜிப்பெல்லாம் சரி பண்ணுவா. அவ ஜிப்பு மட்டும் தொறக்காது." அவள் காதில் விழும்படிதான் சொல்வார். அவளும் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே தனக்குள் சிரித்துக்கொள்வாள்.

கடை என்று பெரிதாகச் சொல்லிவிட முடியாது. மாடிப்படிக்கு அடியில் ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், ஆணியில் தொங்கும் பைகள். எழுந்து நின்றால் தலை இடிக்கும். அவளுக்கு அதுவே பிடித்திருந்தது. தலை இடிக்கிற இடத்துக்குள் யாரும் வந்து உட்கார்ந்து கதை பேச மாட்டார்கள்.

எட்டாவதோடு படிப்பு நின்றது. வீட்டில் யாரும் நிறுத்தவில்லை. ஒருநாள் வகுப்பில் எழுந்து நின்று பாடத்தைப் படிக்கச் சொன்னார்கள். எழுந்து நின்றாள். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. மணி அடிக்கும்வரை அப்படியே நின்றாள். மறுநாள் பையைத் தொடவில்லை. கேட்டவர்களுக்கு, தலைவலி என்றாள். அந்தத் தலைவலி அப்புறம் தீரவே இல்லை.

கட்டிக்கொண்டவர் சமையல்காரர், வாய் ஓயாதவர். ஆளைப் பார்த்ததும் பேச்சை ஆரம்பித்துவிடுவார், முடிப்பது எதிராளியின் பொறுப்பு. கல்யாணமான புதிதில் அவருக்கு ரஷ்ய மொழி பேசுகிற ஒரு குளிர் நாட்டில், கட்டட வேலைக்காரர்களின் மெஸ்ஸில் வேலை கிடைத்தது. கூடவே இவளும் போனாள். மெஸ்ஸுக்குப் பின்புறம் ஒரு குழந்தைகள் காப்பகம் இருந்தது. குழந்தைகளை வெளியே விளையாட அனுப்புவதற்கு முன்னால் உடுப்பு மாட்டிவிட ஆள் தேவைப்பட்டது. கைதான் வேண்டும், வாய் வேண்டாம் என்று சமையல்காரர் சொல்லிச் சேர்த்துவிட்டார்.

உடுப்பு மாட்டுவது என்றால் சும்மா இல்லை. அந்தக் குளிருக்கு ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வெங்காயம். முதலில் கம்பளிக் காலுறை, இடுப்புவரை இழுக்க வேண்டும். அதன்மேல் பேன்ட், ஸ்வெட்டர், பூட்ஸ், தொப்பி, ஜாக்கெட், மஃப்ளர், கடைசியில் விரல் பிரியாத கையுறை. வரிசை மாறக் கூடாது. முதல் பிள்ளையை மாட்டி முடித்துக் கடைசிப் பிள்ளைக்கு வருவதற்குள் முதல் பிள்ளைக்கு வியர்த்து ஊற்றும், அழ ஆரம்பிக்கும். அதற்குள் நடுவில் ஒன்று ஒண்ணுக்கு வருகிறது என்று நெளியும். எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

அங்கே பெரிய ஆயா ஒருத்தி இருந்தாள். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. அவளுக்கு ஒரு வழக்கம். பிள்ளை வாய் திறக்காமல் கையை மட்டும் நீட்டிக்கொண்டு வந்து நின்றால், ஜிப்பைத் தொட மாட்டாள். கூரையில் ஏதோ எழுதியிருப்பதுபோல் மேலே பார்ப்பாள். பிள்ளை "பமகீ" என்று சொல்ல வேண்டும். உதவி செய் என்று அர்த்தம். சொன்ன அடுத்த நொடி குனிவாள். எந்தப் பிள்ளையும் அதிக நாள் தாக்குப் பிடித்ததில்லை.

ஜிப்பக்காவிடமும் அதைச் செய்து பார்த்தாள். சாப்பாட்டு ஜன்னலில் ரொட்டியைச் சுட்டிக் காட்டினால் பெரிய ஆயா கூரையைப் பார்ப்பாள். ஜிப்பக்கா ரொட்டி இல்லாமல் சூப்பை மட்டும் குடித்துவிட்டுப் போவாள். இப்படியே ஒரு குளிர்காலம் முழுக்க நடந்தது. கடைசியில் தோற்றது பெரிய ஆயாதான். பனி உருக ஆரம்பித்த சமயத்தில் பெருமூச்சு விட்டுக்கொண்டு ரொட்டியைத் தட்டில் தூக்கிப் போட்டாள்.

ஆனால் பிள்ளைகளிடம் பேச்சு தானாக வந்தது. மூன்று வயதுப் பிள்ளை தப்பாகச் சொன்னால் இவளும் தப்பாகச் சொல்வாள், அது திருத்திச் சொன்னால் இவளும் திருத்திக்கொள்வாள். நாடு திரும்புகிறபோது அவளிடம் ஒரு மூட்டை ரஷ்யன் இருந்தது. எல்லாம் காப்பகத்து ரஷ்யன். கை கழுவு, நேராக உட்கார், மூக்கைச் சிந்து, யார் தள்ளினது, நல்ல பிள்ளை. பெரியவர்களிடம் பேச அவளுக்கு ஒரு சொல்லும் தெரியாது. பேசிப் பார்த்ததும் இல்லை.

இது நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. சமையல்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். அவர் ஒரு அலுவலகக் கேன்டீனில் சேர்ந்தார், இவள் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்தாள். பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. அவள் எதைப் பற்றித்தான் பேசியிருக்கிறாள்.

தம்பி பெண்டாட்டி நர்ஸ். தம்பி ஆஸ்பத்திரியில் கருவிகளைப் பழுதுபார்க்கிறவன். ஒரு சாயந்தரம் இருவரும் மாடிப்படி முன்னால் வந்து நின்றார்கள். தம்பியின் தோளில் பட்டாணி. நாலு வயது, உருண்டை முகம், அதனால் அந்தப் பெயர். பட்டாணி இறங்கி நேராக அத்தையின் மடியில் ஏறி, அவள் காதுக்குள் வாயை வைத்து எதையோ சொன்னாள்.

"என்ன சொல்றா?" என்றாள் நர்ஸ்.

"மெஷின் சக்கரத்தச் சுத்தணுமாம்."

"பாத்தீங்களா அண்ணி. பெத்தவ பக்கத்துல நிக்கறேன், கேக்கறது உங்க காதுல."

பட்டாணி வீட்டுக்குள் அப்பா அம்மாவிடம் பேசுவாள். வாசலைத் தாண்டிவிட்டால் அத்தை காது ஒன்றுதான் அவளுக்கு உலகம். கடைக்காரர், பக்கத்து வீடு, டாக்டர் யாராக இருந்தாலும் அத்தை குனிய வேண்டும், பட்டாணி காதில் சொல்ல வேண்டும், அத்தை அதை வெளியே சொல்ல வேண்டும். வெளியே பேசாத இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஆளாகப் பேசுவதுபோல இருக்கும்.

வந்த விஷயத்தை நர்ஸ் சொன்னாள். அந்தக் குளிர் நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்கும் தம்பிக்கும் வேலை கிடைத்திருக்கிறது. அவர்களோடு இன்னும் மூன்று குடும்பங்கள் போகின்றன. பிள்ளைகளைப் பகலெல்லாம் ஆஸ்பத்திரியின் காப்பகத்தில் விட வேண்டும். அங்கே எல்லாம் ரஷ்யன்தான்.

"நீங்கதான் அண்ணி புள்ளைங்களுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுக்கணும்."

"நானா? எனக்கென்ன தெரியும்?"

"தெரியாமயா அக்கா மாமாவ ரஷ்யன்ல திட்டுவ?" என்றான் தம்பி.

"அது திட்டு இல்லடா. மூக்கச் சிந்துன்னு சொன்னேன்."

நர்ஸ் சிரிக்கவில்லை. ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "மத்த புள்ளைங்க எப்படியாவது பொழச்சுக்கும். எனக்கு இவ கவலைதான். வலிச்சாக்கூட வாயத் தொறக்க மாட்டா. நான் டியூட்டில நிக்கும்போது அங்க இவ என்ன ஆகறாளோன்னு நெனச்சா கை நடுங்கும் அண்ணி, எனக்குக் கை நடுங்கக் கூடாது. அதான் முடிவு பண்ணிட்டோம். கெளம்பறதுக்குள்ள இவ வெளி ஆள் ஒருத்தர்கிட்டயாவது வாயத் தொறந்தா கூட்டிட்டுப் போறேன். இல்லன்னா உங்ககிட்டயே இருக்கட்டும். எங்க ஒப்பந்தம் முடியற வரைக்கும்."

குழந்தையின் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்த ஜிப்பக்காவின் கை நின்றது. நெஞ்சுக்குள் ஏதோ துள்ளியது. என்ன துள்ளியது என்று தெரிந்ததும் அவளுக்கே முகம் சுட்டது. சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்று வீட்டுக்குப் போய் அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்தாள். பழைய துணி அடைந்து கிடக்கிறது, அதனால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சமையல்காரர் பார்த்தார். வாய் ஓயாத மனிதர், அதைப் பற்றி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

மாடியில் துணிமூட்டை போடுகிற அறை ஒன்று சும்மா கிடந்தது. வீட்டுக்காரரிடம் சமையல்காரர் பேசி வாங்கினார். ஒரு மின்விசிறி, மூலையில் ஒரு குழாய், சுவரோரம் குட்டி ஸ்டூல்கள். கரும்பலகை இல்லை, புத்தகம் இல்லை. நடுவில் கம்பளித் துணி மலைபோலக் குவிந்திருந்தது. டிரங்குப் பெட்டியில் கிடந்த பழையவை பாதி, பழைய துணிச் சந்தையில் பொறுக்கியவை பாதி.

பிள்ளைகள் ஏழு பேர். அவர்களில் ஆம்புலன்ஸ் டிரைவரின் மகள் ஒருத்தி, ஐந்து வயது. தூக்கத்தில்கூடப் பேசுவாளாம். அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது சமையல்காரர்.

"ஸ்வெட்டர் எதுக்கு? இங்க வேர்க்குது," என்றாள் ரேடியோ, முதல் நாளே.

ஜிப்பக்கா துணிக் குவியலுக்குக் குனிந்தாள். மலையிலிருந்து ஒரு தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "ஷாப்கா," என்றாள். பிள்ளைகளிடம் அவளுக்கு வாய் வரும். இன்னொரு தொப்பியை ரேடியோவின் தலையில் வைத்தாள். "ஷாப்கா." அது கண்வரை இறங்கியது. எல்லோரும் சிரித்தார்கள். அவ்வளவுதான் முதல் பாடம்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தன. ஜாக்கெட்டுக்குக் கூர்த்கா. இடுப்புவரை இழுக்கிற கம்பளிக் காலுறைக்குக் கல்கோத்கி. அந்தச் சொல்லைக் கேட்டதும் பிள்ளைகள் தரையில் உருண்டார்கள். ஒரு வாரத்துக்கு எதைப் பார்த்தாலும் கல்கோத்கிதான். விரல் பிரியாத கையுறைக்கு வாரிஷ்கி. அது கடைசியில்தான். அதை மாட்டிக்கொண்டால் விரலால் எதையும் பிடிக்க முடியாது, ஜிப்பை இழுக்க முடியாது. "பதோம், பதோம்," என்பாள், அப்புறம் என்று. அவசரப்பட்டு முதலில் கையுறை மாட்டிக்கொண்டவர்கள் கரடிக்குட்டிபோல இரண்டு கையையும் ஜிப்பில் அடித்துக்கொண்டு நிற்பார்கள். முழுக்க மாட்டி முடித்தவர்கள் மின்விசிறிக்கு நேர் கீழே ஓடிப் போய் நிற்கலாம். அந்த இடத்துக்குத்தான் போட்டி.

நடுநடுவே அவள் வேறு நாலு சொற்களையும் ஊட்டினாள். வலிக்கிறது, வேண்டாம், ஒண்ணுக்கு வருது, உதவி செய். தினமும் அந்த நாலும். மற்றது மறந்தாலும் மறக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

டிரைவர் ஒருநாள் மாடிப்படி முன்னால் வண்டியை நிறுத்தினார். "ஏம்மா, எழுத்து கிழுத்து எதுவும் இல்லையா? பாட்டு இல்லையா? என் சம்சாரம், புள்ளைய ரஷ்யன்ல ஏதாச்சும் சொல்லிக் காட்டச் சொன்னா. வந்திருந்த சொந்தக்காரங்க முன்னாடி 'ஒண்ணுக்கு வருது'ன்னு சொல்லிட்டு நிக்கறா."

ஜிப்பக்கா குனிந்து நூலைக் கடித்தாள். டீ கொண்டுவந்திருந்த சமையல்காரர்தான் பதில் சொன்னார். "அண்ணே, அங்க போய் எறங்கினதும் உங்க பொண்ணுக்கு மொதல்ல வரப்போறது பாட்டா, அதுவா?"

டிரைவர் யோசித்தார். "அதுதான்," என்றார். டீயை வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு வந்தால் ஜிப்பக்கா கூரையைப் பார்ப்பாள், பெரிய ஆயாவைப் போலவே. முதல் நாள் அழுதார்கள். நாலாம் நாள் "பமகீ, பமகீ" என்று அறையே கொக்கரித்தது.

பட்டாணிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தொப்பி எங்கே என்றால் எடுத்து வருவாள். வரிசை தப்பாமல் மாட்டுவாள், மற்றவர்கள் மாட்டியிருப்பதைப் போய் உற்றுப் பார்ப்பாள், தப்பாக இருந்தால் முகத்தைச் சுளிப்பாள். வாய் மட்டும் அத்தையின் காதுக்குள். "பமகீ" என்று அங்கே சொல்வாள், வெதுவெதுப்பான மூச்சோடு. ஜிப்பக்கா உடனே குனிந்து ஜிப்பை இழுத்துவிடுவாள். கூரையைப் பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை.

நர்ஸ் ஒரு மத்தியானம் வந்து கதவோரம் நின்று பார்த்தாள். போகும்போது சொன்னாள், கோபமாக இல்லை, களைப்பாக. "அவ உங்க காதுலயே குடியிருக்கா அண்ணி. அங்க அந்தக் காதுக்கு நான் எங்க போவேன்?"

அது அவளுக்குள் முள்ளாகத் தைத்தது. மறுநாள் பட்டாணி வந்து தோளைப் பிடித்து இழுத்தபோது அவள் குனியவில்லை. கூரையைப் பார்த்தாள். பட்டாணி காத்திருந்தாள். ஜாக்கெட்டுக்குள் வேர்த்தது, முகம் சிவந்தது. கண்ணில் நீர் தளும்பி நின்றது, விழவில்லை. மற்ற பிள்ளைகள் கீழே போய்விட்டார்கள், ரேடியோ மட்டும் வாசலில் நின்று, "சொல்லேன்டி, ஒரே ஒரு வார்த்தைதான்," என்று தவித்தாள். பட்டாணி அசையவில்லை. ஜிப்பக்காவுக்கு அந்த நிற்பைத் தெரியும். சாப்பாட்டு ஜன்னல் முன்னால் ஒரு குளிர்காலம் முழுக்க அப்படித்தான் அவளும் நின்றிருந்தாள்.

தோற்றது ஜிப்பக்காதான். முழங்காலில் விழுந்து, ஜாக்கெட்டைக் கழற்றி, குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். பட்டாணி அணைப்புக்குள் கட்டைபோல நின்றாள். அதற்கப்புறம் அவள் காதுக்கும் வரவில்லை. ஒரு வாரம் வந்தாள், போனாள், எல்லாவற்றையும் மாட்டினாள், கழற்றினாள், யாருக்கும் ஒரு சொல் இல்லை.

"இருக்கற காதும் போச்சு," என்றாள் ஜிப்பக்கா, சாப்பிட உட்கார்ந்தபோது. அவளாகப் பேச்சை ஆரம்பிப்பது அபூர்வம். சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"கேக்கறேன்னு கோச்சுக்காத. உனக்கு அவ போகணுமா, இருக்கணுமா?"

அவள் தட்டைப் பார்த்தாள். "இருக்கணும்னு இருக்கு," என்றாள். கொஞ்சம் கழித்து, "போகணும்," என்றாள்.

"ம். அலமாரியப் பாத்தேன்." கரண்டியைத் திரும்ப எடுத்து அவள் தட்டில் குழம்பு ஊற்றினார். "அங்க சந்தைக்குப் போவோமே, ஞாபகம் இருக்கா? நான் உருளைக்கிழங்குக்குப் பேரம் பேசிட்டிருப்பேன். நீ பின்னாடி என் சட்டையப் புடிச்சுக்கிட்டு நிப்ப. ஒருநாள் சட்டையே கிழிஞ்சு கையோட வந்துருச்சு. கெழங்கு விக்கறவ என்ன கேட்டா தெரியுமா? 'அந்தப் பொண்ணு பேசுமா, இல்ல சும்மா கூட வர்றதா?'ன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'பேசுவா, கூட்டத்துல யாருக்காச்சும் மூணு வயசு இருந்தா'ன்னு சொன்னேன்."

அவள் சிரித்துவிட்டாள். படுத்த பிறகும் அந்தச் சட்டை நினைவிலேயே இருந்தது. கையில் அந்தத் துணியின் சொரசொரப்புகூட இருந்தது.

கிளம்புகிற நாள் நெருங்கியது. அந்த ஆஸ்பத்திரியிலிருந்து, வரப்போகிற குடும்பங்களைக் கவனிக்கிற அதிகாரி அம்மா ஒருவர் நேரில் பார்க்க வந்தார். பிள்ளைகள் படிக்கிற அறையையும் பார்க்க வேண்டும் என்றாராம். தம்பி அழைத்து வந்தான். உயரமான அம்மா, நரைத்த முடியை இறுக்கி முடிந்திருந்தார், வெயிலில் முகம் தக்காளியாகியிருந்தது. மொழிபெயர்க்க வேண்டியவரின் வண்டி வழியில் நின்றுவிட்டது. அதிகாரி அம்மா அறை நடுவில் நின்று, கம்பளி மலையைப் பார்த்து, ஏதோ கேட்டார். தம்பி நர்ஸைப் பார்த்தான். நர்ஸுக்கு ரஷ்யனில் ஊசியும் காய்ச்சலும்தான் தெரியும். அவள் டிரைவரைப் பார்த்தாள். டிரைவர், கதவோரம் நின்ற சமையல்காரரைப் பார்த்தார்.

"எனக்கு இப்ப ஞாபகம் இருக்கறது உருளைக்கிழங்கு விலைதான்," என்றார் சமையல்காரர்.

எல்லோரும் ஜிப்பக்காவைப் பார்த்தார்கள். அவளுக்குக் காது அடைத்தது. எட்டாம் வகுப்பு பெஞ்சுக்குப் பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது. நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. பின்னால் யாரோ அவள் உடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பிப் பார்த்தாள். பட்டாணி. கொத்தாகத் துணியைப் பிடித்துக்கொண்டு, அதற்குள் முகத்தைப் புதைத்து நின்றாள்.

அந்தப் பிடியை ஜிப்பக்காவுக்குத் தெரியும். சட்டை கிழிகிற பிடி.

அவள் வாயைத் திறந்தாள். உள்ளே இருந்தது எதுவோ அதுதான் வந்தது. "ரூச்கி பமீலி?"

கை கழுவியாச்சா என்று கேட்டுவிட்டாள், வெளியே விளையாடிவிட்டு வந்த பிள்ளையைக் கேட்பதுபோல, விரலைக்கூட ஆட்டிக்கொண்டு. கேட்டது என்ன என்று ஏழு பிள்ளைகளுக்கும் புரிந்தது. பெரியவர்களில் புரிந்தது ஒரே ஒருவருக்கு.

அதிகாரி அம்மா தன் கைகளைப் பார்த்தார். அப்புறம் மூலைக் குழாய்க்குப் போய்க் கழுவினார். திரும்பி வந்து இரண்டு கைகளையும் முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினார்.

"மலதேட்ஸ்," என்றாள் ஜிப்பக்கா. நல்ல பிள்ளை. இனி நிறுத்தினால்தான் வெட்கம், நிறுத்தாமல் போனால் தப்பித்துவிடலாம் என்று பட்டது. குட்டி ஸ்டூலைக் காட்டி, உட்கார் என்றாள். அந்த உயரமான அம்மா முழங்கால் முகவாயில் இடிக்க அதில் உட்கார்ந்தார். தோள்கள் குலுங்கின. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். சின்ன வயதில் என்னை வளர்த்த காப்பகத்து ஆயா மாதிரியே பேசுகிறாய் என்று ஜிப்பக்காவுக்கு அதில் பாதி புரிந்தது. அந்தப் பாதி போதும்.

பிள்ளைகளுக்குப் பயம் விட்டது. ரேடியோ ஓடிப்போய் மலையிலிருந்து ஒரு தொப்பியை எடுத்து அந்த அம்மாவின் தலையில் கவிழ்த்தாள். இன்னொருவன் மஃப்ளரைக் கொண்டுவந்தான். அதிகாரி அம்மாவும் விளையாட்டில் இறங்கிவிட்டார். ஜாக்கெட்டுக்குள் கையை விட்டார். ஜிப் திறந்தே கிடந்தது. வேண்டுமென்றேதானோ என்னவோ, குவியலில் கிடந்த பெரிய கையுறை ஒன்றை எடுத்து மாட்டப் போனார்.

உடுப்பைப் பிடித்திருந்த கை விட்டது. ஜிப்பக்காவுக்கு இடுப்பருகே திடீரென்று லேசாகிவிட்டது போலிருந்தது.

"நியெத்," என்றது ஒரு குரல்.

சின்னக் குரல்தான், ஆனால் கறாரான குரல். பட்டாணி நடுவில் வந்து நின்றாள். இல்லை என்று சொன்னது போதாது என்பதுபோலக் கையுறையைச் சுட்டிக் காட்டினாள். "வாரிஷ்கி பதோம்." கையுறை அப்புறம். அதோடு விடவில்லை. முன்னால் போய் அந்த அம்மாவின் விரலிலிருந்து கையுறையை உருவித் தரையில் வைத்தாள்.

அதிகாரி அம்மா சிரிக்கவில்லை. பெரிய தப்புச் செய்துவிட்டவரைப் போலத் தலையை ஆட்டினார். பிறகு திறந்து கிடந்த ஜாக்கெட்டின் இரண்டு ஓரங்களையும் பிடித்து நீட்டி, நாலு வயதுப் பிள்ளையைப் பார்த்து, "பமகீ," என்றார்.

பட்டாணி கூரையைப் பார்க்கவில்லை. உடனே குனிந்தாள். நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, பல்லோடு பல்லைப் பொருத்தி, ரன்னரைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். அப்புறம் தரையில் வைத்த கையுறையை எடுத்துக் கொடுத்தாள். இப்போது மாட்டலாம்.

வாசலில் நர்ஸ் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தம்பி மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். டிரைவர் யாரிடமோ மெதுவாக, "இதுக்கு எழுத்தே வேணாம் போல," என்றார். உருளைக்கிழங்குக்குப் பிறகு சமையல்காரர் கடைசிவரை ஒன்றும் பேசாமல் இருந்தது அன்று நடந்த இன்னொரு அதிசயம்.

எல்லோரும் போன பிறகு பட்டாணி வந்து தோளைப் பிடித்து இழுத்தாள். ஜிப்பக்கா குனிந்தாள். காதுக்குள் அந்த வெதுவெதுப்பு திரும்ப வந்தது. "அத்தை, நீ பெரியவங்களையே கை கழுவ வெச்சுட்ட."

"ஆமா. எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு."

"எனக்குத் தெரியும். நான் புடிச்சிருந்தேன்ல, நீ நடுங்கின."

பயணத்துக்கு முன்னால் பட்டாணியின் புது ஜாக்கெட்டை ஜிப்பக்கா மெஷினில் வைத்தாள். ரன்னரின் முனையில் ஒரு பெரிய வளையம் கோத்தாள், குளிரில் மரத்த குட்டி விரலுக்கும் சிக்குகிற மாதிரி. மெழுகு தேய்த்து மேலும் கீழும் ஓடவிட்டுப் பார்த்தாள். ஓடியது. இன்னொரு முறையும் ஓடவிட்டுப் பார்த்தாள். அலமாரியின் கீழ்த்தட்டில் பழைய துணிகளைத் திரும்ப அடுக்கினாள். பாதித் தட்டில்தான் அடுக்கினாள். மீதிப் பாதி காலியாகவே இருக்கட்டும், லீவுக்கு வரமாட்டார்களா என்ன.

கிளம்புகிற அன்று தெருவில் வெயில் கொளுத்தியது. வண்டி மாடிப்படிக்கு எதிரே நின்றது. பட்டாணி ஜாக்கெட்டைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்து, தொப்பியோடு வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் ஜிப்பக்காவின் கையைப் பிடித்தாள். "அண்ணி," என்றாள். வாயாடுகிற குடும்பத்தில் பிறந்தவள், அன்று அவளுக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டது.

வண்டி நகரப்போகிற சமயம் பட்டாணி ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக் கூப்பிட்டாள். ஜிப்பக்கா போய், பழக்கம்போல, குனிந்து காதைக் கொடுத்தாள். பட்டாணி காதைத் தள்ளிவிட்டாள். தெருவே கேட்கும்படி சொன்னாள்.

"அத்தை. ஷாப்கா."

ஜிப்பக்காவின் வெறும் தலையைச் சுட்டிக் காட்டினாள். வெளியே நிற்கிறவர்கள் தொப்பியில்லாமல் நிற்கக் கூடாது. அதைச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

ஜிப்பக்கா மாடிப்படிக்கு அடியில் போய், ஆணியிலிருந்து ஒரு கம்பளித் தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டி, காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்றாள். பட்டாணி சரிபார்த்தாள். தலையை ஆட்டினாள். வண்டி கிளம்பியது.

தெருமுனையில் அது திரும்பிய பிறகும் அவள் அப்படியே நின்றாள். வேர்வை வழிந்து புருவத்தில் இறங்கியது, அதோடு சேர்ந்து வேறொன்றும் வழிந்தது. எது எது என்று யாருக்கும் தெரியாது. அதுவும் வசதியாகத்தான் இருந்தது.

பாத்திரக்கடைக்காரர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன ஜிப்பக்கா, இந்த வெயில்ல குளிருதா?"

பதில் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. திரும்பி வேறு வேலையைப் பார்க்கப் போனார்.

"ஆமாண்ணே," என்றாள் ஜிப்பக்கா, தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை கேட்கும்படி. "கொஞ்சம் குளிருது."